எல்லா ஊர்ப் பலகாரமும் இருக்கிறது, தேன்குழல் எங்கே?

கேள்வி: என் மகனுக்கு நிச்சயம் செய்திருக்கும் பெண்ணின் வீட்டார் 12 பேர் வரும் ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பெரிய தாம்பாளம் ஒன்றில் நம் ஊர்ப் பலகாரங்களை அடுக்கி நடுவில் வைக்க ஆசை. மணப்பாறை முறுக்கு, சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, திருநெல்வேலி அல்வா எல்லாவற்றுக்கும் சொல்லி வைத்துவிட்டேன். மாமியார் தேன்குழல் பிழிந்து தருகிறேன் என்றார். 78 வயது, கை நடுங்குகிறது, வடிவம் வராது என்பதால் வேண்டாம் என்றேன். அவருக்கு உள் அறைக்கே தனியாக ஒரு தட்டு கொடுத்துவிடலாம். எதை எதோடு வைத்தால் நமுத்துப் போகாது? இன்னும் என்ன சேர்க்கலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: நமுத்துப் போகிற விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அல்வாவும் பால்கோவாவும் முறுக்கைத் தொடவே கூடாது. இரண்டையும் சின்னக் கிண்ணங்களில் போட்டுத் தாம்பாளத்தின் ஓரத்தில் வையுங்கள். முறுக்கு, சேவு, கடலைமிட்டாய் மூன்றும் டப்பாவிலேயே இருக்கட்டும். விருந்தாளிகள் வந்து தண்ணீர் குடித்த பிறகு அடுக்கினால் போதும். பொதுத் தட்டில் கைவிட்டு எடுக்கப் பெரியவர்கள் கூச்சப்படுவார்கள், அதனால் சிறு தட்டுகளும் கரண்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும். 12 பேருக்கு ஐந்தாறு வகை தாராளம்.

சரி, இப்போது அந்தத் தனித்தட்டுக்கு வருகிறேன். சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது மாப்பிள்ளையின் அப்பத்தா மட்டும் எதற்காக உள் அறையில் சாப்பிட வேண்டும்? அவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. அடுப்படிக்கு வந்து மாவு பிழிகிறேன் என்று தானாகக் கேட்டவர் அவர். கை நடுங்குவது நாலு பேர் கண்ணில் படக் கூடாது என்பதுதான் உங்கள் கவலை. தேன்குழலை வேண்டாம் என்றதும் அதற்காகத்தான், உள் அறையும் அதற்காகத்தான். இது தப்பு. விருந்தாளி வருகிற நாளில் வீட்டுப் பெரியவரை உள்ளே உட்கார வைக்கிற குடும்பத்துக்கு நானாக இருந்தால் பெண் கொடுக்க யோசிப்பேன். அவர்களும் பலகாரத்துக்காகவா வருகிறார்கள்? தங்கள் பெண் வாழப்போகிற வீட்டைப் பார்க்க வருகிறார்கள். உட்கார்ந்ததுமே "பெரியவங்க எங்கே?" என்று கேட்பார்கள்.

நீங்கள் வரவழைக்கும் பலகாரங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தந்த ஊர்க்காரர்களின் கைப்பக்குவத்துக்குக் கிடைத்த மரியாதை அது. அத்தனை ஊர்க் கைப்பக்குவத்தையும் காசு கொடுத்து வாங்குகிற நீங்கள், உங்கள் வீட்டில் இருக்கும் கைப்பக்குவத்தை வேண்டாம் என்கிறீர்கள். வடிவம் வராதாம்! தேன்குழலை யாராவது முழுசாக வாயில் போடுகிறார்களா? ஒடித்துத்தானே தின்கிறோம்?

இன்னும் என்ன சேர்க்கலாம் என்று கேட்டீர்களே, தேன்குழலைச் சேருங்கள். வெள்ளிக்கிழமையே செய்யுங்கள். அரை கிலோ பச்சரிசி மாவுக்கு, வறுத்து அரைத்துச் சலித்த உளுந்து மாவு 125 கிராம். உப்பு, சீரகம், கொஞ்சம் வெண்ணெய். வெண்ணெய் கூடிப்போனால் எண்ணெயில் பிரிந்து கரையும், குறைந்தால் கடக்கென்று இருக்கும். அந்த அளவை உங்கள் மாமியாரின் கை சொல்லும். மாவு பிசைய நடுக்கம் ஒரு தடையே இல்லை. பதம் பார்த்து அவர் பிசைந்து கொடுக்கட்டும், அச்சை அழுத்துவதும் அடுப்பைப் பார்ப்பதும் உங்கள் வேலை. முதல் நாலைந்தை மட்டும் ஜல்லிக்கரண்டியின் பின்பக்கத்தில் அவரையே பிழியச் சொல்லுங்கள். அவற்றை எண்ணெயில் நீங்கள் கவிழ்த்துவிடுங்கள். எண்ணெய்ச் சட்டி பக்கம் அவர் வர வேண்டியதில்லை. கோணலாக வருகிற அந்த நாலைந்தையும் தாம்பாளத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி மேலே வையுங்கள்.

வேண்டாம் என்று சொன்னதற்கு இன்றைக்கே அவரிடம் போய் வருத்தம் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், "நான் சொன்னது தப்பு அத்தை, நீங்கள்தான் மாவு பிசைந்து தரணும்" என்றே சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு நல்ல புடவை எடுத்துக் கொடுத்து, கூடத்தில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதல் தட்டை அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அவரே கொடுக்கட்டும். கை நடுங்கினால் தட்டின் மறுபக்கத்தை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.