கேள்வி–பதில்: காப்பாட்சியர் ஜேம்ஸ் வைல்ட்

கும்பகோணம் வாசகர்: லண்டன் சோன் அருங்காட்சியகத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, ‘கட்டடக் கலைஞரும் காப்பாட்சியருமான வைல்ட்’ என்று ஒரு வரியோடு முடித்துவிட்டீர்கள். யார் அவர்?

ஜேம்ஸ் வில்லியம் வைல்ட். 1814-ல் பிறந்தவர். நீர்வண்ண ஓவியர் சார்லஸ் வைல்டின் மகன். தேவாலயங்களை வரைவதில் அப்பா கெட்டிக்காரர். அந்தக் கை பையனுக்கும் வந்தது. ஜார்ஜ் பசேவி என்ற கட்டடக் கலைஞரிடம் தொழில் கற்றார். 1840–42 காலத்தில் தெற்கு லண்டன் ஸ்ட்ரெத்தமில் கிறிஸ்து தேவாலயத்தைக் கட்டினார். மற்றவர்கள் கூரிய வளைவுகளோடு இடைக்கால பாணியில் கல் கோயில் எழுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. இவரோ செங்கல்லை எடுத்தார். சுவரைத் தட்டையாக விட்டு, வேறு நிறச் செங்கற்களை ஜன்னல் வளைவுகளைச் சுற்றிக் கோத்தே அலங்காரத்தை முடித்துக்கொண்டார். கல் செதுக்கும் கூலி மிச்சம். உள்ளே வண்ணம் தீட்டியவர் ஓவன் ஜோன்ஸ்; 1842-ல் வைல்டின் சகோதரியை மணந்தவர்.

நாகர்கோவில் வாசகி: எகிப்துக்குப் போனாராமே, எதற்கு?

1842-ல் ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ் தலைமையில் பிரஷ்ய மன்னர் அனுப்பிய ஆய்வுக் குழுவில் சேர்ந்து போனார். சிற்பி ஜோசப் பொனோமியும் அதில் இருந்தார். ஈரக் காகிதத்தைக் கல்வெட்டின்மேல் அறைந்து, காய்ந்ததும் உரித்து எடுக்கும் படிகளை ஆயிரக்கணக்கில் அந்தக் குழு எடுத்தது. எழுத்து துல்லியமாக விழும். ஆனால் பழைய வண்ணமும் காகிதத்தோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். அதனால்தான் இன்று வண்ணச் சுவர்களில் அந்த முறையை யாரும் தொடுவதில்லை.

வைல்டை இழுத்துப் பிடித்தது பிரமிடு அல்ல, கெய்ரோ. அங்கேயே தங்கி, மசூதிகளையும் வீடுகளையும் மரச் சல்லடை ஜன்னல்களையும் அளந்து வரைந்தார். அந்தக் குறிப்பேடுகள் இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. அலெக்சாண்ட்ரியாவின் புனித மாற்கு ஆங்கிலிக்கத் தேவாலயமும் இவர் வரைந்ததுதான்.

சேலம் வாசகர்: பழைய கட்டடத்தை அளந்து வரையும்போது நான்கு பக்கமும் சரியாக அளந்தாலும் படம் மூடுவதில்லை. எங்கே தவறு?

அறை சதுரமாக இருக்கும் என்று நம்புவதில். பழைய அறைகளின் மூலைகள் செங்கோணமாக இருப்பது அபூர்வம். நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால்தான் வடிவம் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது, சுவரில் உள்ள கதவு, ஜன்னல், தூண் ஒவ்வொன்றுக்கும் இடையே தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். ஒவ்வொரு அளவிலும் கால் அங்குலம் பிசகினால் பத்து அளவில் இரண்டரை அங்குலம் போய்விடும். நாடாவின் பூஜ்யத்தை ஒரு மூலையில் நிறுத்தி, அதை நகர்த்தாமல் கடைசி வரை வாசித்துக்கொண்டே போங்கள். சுவரின் கனத்தைக் கதவு நிலையருகே எடுங்கள், காரைப் பூச்சு எவ்வளவு என்று தனியே எழுதுங்கள். மாடிப் படிகளில் ஒரு படியை அளந்து எண்ணிக்கையால் பெருக்கக் கூடாது. மொத்த உயரத்தைத் தூக்குக்குண்டு விட்டு அளக்க வேண்டும். தேய்ந்த படிகள் ஒரே உயரத்தில் இரா.

கோவை வாசகர்: இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள கிரிம்ஸ்பி துறைமுகக் கோபுரத்தைக் கட்டியவரும் இவரா? துறைமுகத்துக்கு எதற்குக் கோபுரம்?

இவர்தான். இத்தாலியின் சியனா நகர மாளிகைக் கோபுரத்தைப் பார்த்து வரைந்தது. 300 அடிக்கும் மேல் உயரம், சுமார் 10 லட்சம் செங்கல், 1852-ல் முடிந்தது. வெளியே பார்க்க மணிக்கூண்டு. உள்ளே அது ஒரு தண்ணீர்த் தொட்டி. 200 அடி உயரத்தில் 33,000 கேலன், அதாவது ஏறத்தாழ 1,50,000 லிட்டர். அந்த அழுத்தத்தில்தான் கப்பல்துறை மதகுக் கதவுகளும் கிரேன்களும் இயங்கின.

கணக்கு எளிது. ஓர் அடி உயர நீர், சதுர அங்குலத்துக்கு 0.433 பவுண்டு அழுத்தும். 200 அடிக்கு 87 பவுண்டுதான். தொட்டி எவ்வளவு பெரிதானாலும் அழுத்தம் கூடாது. உயரம் மட்டுமே பேசும். அழுத்தம் குறைவாக இருந்தால் அதே வேலைக்குப் பெரிய பிஸ்டன் வேண்டும், அகலக் குழாய் வேண்டும்.

கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தபோதே மாற்று வந்துவிட்டது. கிரிம்ஸ்பி இருக்கும் அதே ஹம்பர் கழிமுகக் கரையில் நியூ ஹாலண்ட் என்ற இடத்தில் மண் மணற்பாங்கு, கோபுரத்தைத் தாங்காது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆம்ஸ்ட்ராங் அங்கே செங்குத்தான உருளைக்குள் ஓர் உந்துதண்டை நிறுத்தி, அதன் தலையில் பெரும் எடையை ஏற்றினார். நீராவிப் பம்பு தண்டை உயர்த்தும். எடை இறங்கும்போது நீர் சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு அழுத்தத்தில் குழாய்க்குள் பாயும். 18 அங்குல விட்டமுள்ள தண்டுக்கு அந்த அழுத்தம் வர சுமார் 69 டன் ஏற்ற வேண்டும். கோபுரத்தால் அதைச் சாதிக்க 1,385 அடி உயரம் தேவை! ஆக, கிரிம்ஸ்பி கோபுரம் பிறக்கும்போதே பழசு. இருந்தும் 1892 வரை உழைத்தது. பொறியியலாகப் பார்த்தால் வீண்செலவு, கட்டடமாகப் பார்த்தால் வைல்டின் சிறந்த வேலை என்பது எங்கள் கருத்து.

திருச்சி வாசகி: அருங்காட்சியகம் எதையும் கட்டினாரா?

பெத்னல் கிரீன் அருங்காட்சியகம். சவுத் கென்சிங்டனில் ‘பிராம்ப்டன் பாய்லர்’ என்று கேலி செய்யப்பட்ட இரும்புக் கொட்டகையின் சட்டத்தைக் கழற்றிக் கிழக்கு லண்டனில் மறுபடி நிறுத்தினார்கள். அதற்குச் செங்கல் உடை உடுத்தியவர் வைல்ட். 1872-ல் திறந்தது. அவர் வரைந்திருந்த மணிக்கோபுரமும் நூலகமும் பணமில்லாமல் நின்றுபோயின. இப்போது அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் குழந்தைகளுக்கான கிளை, ‘யங் வி அண்ட் ஏ’.

மதுரை வாசகர்: காப்பாட்சியராக என்ன செய்தார்?

சோன் அருங்காட்சியகத்தில் அவருக்கு முன்பு இருந்தவர், எகிப்துக்கு உடன்போன அதே பொனோமி. அவர் 1878-ல் இறந்ததும் வைல்ட் வந்தார். வேலை வினோதமானது. தன் வீட்டையே அருங்காட்சியகமாக்கிய கட்டடக் கலைஞர் சர் ஜான் சோன் 1833-லேயே நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் வாங்கி, தன் மறைவின்போது வீடு இருந்தபடியே இயன்றவரை காக்கப்பட வேண்டும் என்று விதித்திருந்தார். எகிப்து மன்னன் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி, கதவுபோல் திறக்கும் சுவர்ப் பலகைகளில் ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் ஓவியங்கள் என எல்லாம் அதனதன் இடத்திலேயே. ஆனால் ‘இயன்றவரை’ என்ற சொல்லில் இடம் இருக்கிறதே! கட்டடக் கலைஞரைக் காவலுக்கு வைத்தால் கை சும்மா இருக்குமா? 1890-ஐ ஒட்டி வீட்டின் பின்பகுதியில் மாற்றங்கள் செய்தார். 1892 நவம்பரில் இறக்கும் வரை பதவியில் இருந்தார். அனுமதி இலவசம், லண்டன் போகிறவர்கள் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் 13-ஆம் எண் வீட்டைக் கேட்டுப் போகலாம்.