குடித்துவிட்டு ஓட்டிய வழக்கு: கேளுங்கள், சொல்கிறேன்

பாளையங்கோட்டையில் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். கோயில் கொடை (திருவிழா) சீசன் முடிந்ததும் இந்தக் கேள்விகள்தான் குவியும்.

அண்ணாச்சி, வண்ணார்பேட்டையில் ஊதச் சொன்னார்கள், 42 காட்டியது. ஒரே ஒரு பீர்தான். அங்கேயே பணம் கட்டி முடித்திருக்கலாமோ?

முடியாது தம்பி. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவுக்கு ஸ்பாட் ஃபைன் கிடையாது, மாஜிஸ்திரேட் முன்னால்தான் நிற்க வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம், எத்தனை பாட்டில் என்று யாரும் கேட்கப் போவதில்லை. முதல் தடவை என்றால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த தடவை இரண்டு வருடம் வரை, 15,000. கருவியில் வந்த சீட்டில் உங்கள் பெயர், வண்டி நம்பர், நேரம் எல்லாம் சரியா என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் கோர்ட்டில் போய் "ஒத்துக்கிடுதேன்" என்று தலையாட்டிவிட்டு அப்புறம் என்னிடம் வராதீர்கள்.

ஊத மாட்டேன் என்றால்?

குடித்திருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். மறுத்ததையே உங்களுக்கு எதிராகவும் சொல்வார்கள். வீரம் வேண்டாம்.

ஊதவும் வைக்கவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. வாடை அடித்தது என்று மட்டும் டாக்டர் எழுதியிருக்கிறார்.

இது கேள்வி! வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி இவை மட்டும் போதாது என்று பச்சுபாய் வழக்கில் 1971லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் வண்டி இன்சூரன்ஸ் கிளெய்மில் இதை நம்பாதீர்கள். ரத்தப் பரிசோதனை இல்லாமலும் கம்பெனி வேறு வழியில் நிரூபிக்கலாம் என்பது 2021 தீர்ப்பு.

அபராதம் எவ்வளவு சார்?

மேலே இருக்கிறது.

பதநீர் குடித்தால் காட்டுமா?

சுண்ணாம்பு சரியாகப் போட்டு இறக்கிய பதநீர் என்றால் காட்டாது.

(திசையன்விளைக்காரர்) சுண்ணாம்பு குறைந்தால் மத்தியானத்துக்குள் புளித்துவிடும், வக்கீலுக்குப் பனை தெரியாது!

புளித்தால் அது கள், அண்ணாச்சி. கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை, அது தனி வழக்கு. வாயில் ஒட்டிய மிச்சம் கொஞ்ச நேரம் அளவைக் கூட்டிக் காட்டும், அதனால் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பனை விவகாரத்தைத் தனியாக வைத்துக்கொள்வோம்.

அபராதம் கட்டினால் லைசென்ஸ் தப்பிக்குமா?

அபராதம் வேறு, லைசென்ஸ் வேறு. ஆர்டிஓ தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுங்கள். அதற்கு முன்னால், சீட்டு கையில் இருக்கிறதா?