முட்டும் காளை, உதைக்கும் பசு: வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் இம்மாதம் முழுக்க மாட்டுக் கோபத்தைப் பற்றியவை. தேர்ந்தெடுத்த ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: ஐயா, வணக்கம். தாய் செத்துப்போன ஒரு பிராமன் மாட்டினக் கலப்புக் கன்றைப் போத்தலில் பால் கொடுத்து வளர்த்தோம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும். பிள்ளைகள் நெற்றியைப் பிடித்துத் தள்ளி விளையாடுவார்கள். இப்போது இரண்டு வயது ஆகப்போகிறது. போன வாரம் தீவனம் வைக்கப் போன என் வீட்டுக்காரரைச் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. பாசமாக வளர்த்த மாடு ஏன் இப்படிச் செய்கிறது? விற்கவும் மனசு வரவில்லை.

முதலில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். வெளிக்காயம் இல்லாவிட்டாலும் விலா எலும்பு விரிசல் விட்டிருக்கலாம், மண்ணீரலில் கசிவு இருக்கலாம். அந்தக் கசிவு சில நாள் கழித்துக்கூட ஆளைச் சாய்க்கும்.

காளைக்கு வருவோம். பாசமாக வளர்த்ததுதான் இங்கே வினையாகிவிட்டது. மந்தையில் வளரும் கன்று, பெரிய மாடுகளிடம் குத்து வாங்கித் தன் இடம் எது என்று தெரிந்துகொள்ளும். தனியாகப் போத்தல் பாலில் வளர்ந்த கடுவன் (ஆண்) கன்றுக்கு மனிதர்கள்தான் மந்தை. ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் வீறு ஏறியதும், மந்தையில் யார் பெரியவன் என்று பார்க்க அது மனிதரிடம்தான் வரும். நெற்றியைத் தள்ளி விளையாடியது அதன் கணக்கில் சண்டைப் பயிற்சி. ஆளைக் கண்டால் விலகி ஓடும் காட்டு மாட்டைவிட, பயமே இல்லாத இந்த வீட்டு மாடுதான் ஆபத்து.

பாய்வதற்கு முன் காளை சொல்லிவிட்டுத்தான் பாயும். நமக்குத்தான் அந்தப் பாஷை புரிவதில்லை. முதல் அடையாளம் பக்கவாட்டில் நிற்பது. உடம்பின் முழு நீளமும் உங்களுக்குத் தெரியும்படி குறுக்கே நிற்கும். முதுகு வில்லாக வளையும், கழுத்து தடிக்கும், தலை தாழும், ஒரு கண் மட்டும் பிதுங்கி உங்களையே பார்க்கும். ‘திரும்பிக்கொண்டது, போய்விடும்’ என்று பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அடுத்து முன்காலால் மண்ணைப் பறிக்கும், கொம்பைத் தரையில் தேய்க்கும், தலையை உதறும், மூக்கால் சீறும். அதற்குப் பிறகு உங்களுக்கு இருப்பது சில நொடிகள்தான்.

அந்த நேரத்தில் முதுகைக் காட்டாதீர்கள், ஓடாதீர்கள். நேருக்கு நேர் நின்று முறைக்கவும் வேண்டாம். மாட்டைப் பார்த்தபடியே, சற்றுச் சாய்வாக, வெளியேறும் பக்கம் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் கையில் இருக்கும் வாளியையோ தொப்பியையோ பக்கவாட்டில் எறியுங்கள். அது வாளியை முட்டும் நேரத்தில் வேலிக்குப் போய்விடலாம். கீழே விழுந்துவிட்டால் எழ முயலக்கூடாது. எழும் ஆளைத்தான் மறுபடி முட்டும். உருண்டோ தவழ்ந்தோ வேலிக்கு அடியில் போய்விடுங்கள்.

கம்பால் அடித்துத் திருத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். அடி, சண்டைக்கு அழைப்பு. தேவையில்லாமல் வதைப்பது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி குற்றமும்கூட. கம்பு கையில் இருக்கட்டும், கை நீளத்தைக் கூட்டிக்கொள்ள.

காளை வீட்டில் இருக்கும்வரை ஒருவரும் அடைப்புக்குள் நுழையாதபடி ஏற்பாடு செய்யுங்கள். தீவனத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி இரண்டையும் வெளியே நின்று நிரப்பும்படி கம்பி வரிசையை ஒட்டி வையுங்கள். வேலி ஐந்தடிக்குக் குறையக்கூடாது, ஆறடி என்றால் நிம்மதி. இரண்டு அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பைக் கான்கிரீட்டில் நட்டுக் குறுக்குப் பைப்புகளை வெல்டிங் செய்யுங்கள். மரத்தூண் நம் மழையில் மண்மட்டத்தில் உளுத்துப்போகும். பார்த்தால் தெரியாது, காளை சாயும்போதுதான் தெரியும். தகரத்தை அது சுவராக மதிக்காது. வேலியில் இரண்டு இடத்தில் ஆள் மட்டும் பக்கவாட்டில் நுழையும்படி 35 முதல் 40 சென்டிமீட்டர் சந்து விடுங்கள். பெரிய மாட்டால் அதில் வர முடியாது. ஆனால் சிறு பிள்ளையால் உள்ளே போக முடியும், ஆகவே அந்தப் பக்கத்தை வெளிவேலி போட்டுப் பூட்டி வையுங்கள். படலுக்குப் பின்னால் நின்று அதைத் தள்ளிச் சாத்தாதீர்கள். காளை மறுபக்கம் இடித்தால் உடைவது உங்கள் கை.

இந்த வயதில் விதை நீக்கினாலும் பழக்கம் போகாது. வேகம் குறையலாம், நம்பிக்கை வைக்க முடியாது. மனசு வராவிட்டாலும் இறைச்சிக்கு விற்பதுதான் சரி. ‘சாதுவான வளர்ப்பு மாடு’ என்று சொல்லி வேறொரு வீட்டில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். அடுத்த முறை தாயில்லாக் கன்று வந்தால் இன்னொரு பசுவிடம் ஊட்டப் பழக்குங்கள், இல்லையென்றால் மற்றக் கன்றுகளோடு சேர்த்து வளருங்கள். கடுவனாக இருந்தால் சில வாரங்களிலேயே வெட்னரி ஆளைக் கூப்பிட்டு விதை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் காளைக்கு மூக்கணாங்கயிறு இருக்கிறது. அது இருந்தால் பயமில்லைதானே?

கயிறு சரியாக இருந்தால் பாதிப் பயம் குறையும். கயிறு போகவேண்டிய இடம், இரு மூக்குத்துளைகளுக்கும் நடுவில், குருத்தெலும்புக்கு முன்னால் இருக்கும் மெல்லிய சவ்வு. விரல் வைத்துப் பார்த்தால் தெரியும். குருத்தெலும்பில் குத்தினால் ஆறாது, சீழ் வைக்கும். ஒன்பது, பத்து மாதத்தில் வெட்னரி ஆளைக் கொண்டு குத்துவது நல்லது.

பலர் செய்யும் தவறு, மூக்குக் கயிற்றையே தூணில் கட்டுவது. ஏதாவது பயந்து மாடு பின்னுக்கு இழுத்தால் மூக்கு கிழியும். கிழிந்த பிறகு அந்தக் காளையைப் பிடிக்க வழியே இல்லை. கட்டுவது கழுத்துக் கயிற்றில் அல்லது தலைக்கயிற்றில். மூக்குக் கயிறு நடத்திப் போக மட்டும். மெல்லிய நைலான் கயிறு அறுக்கும், விரல் பருமனுள்ள பருத்திக் கயிறு போடுங்கள், நைந்ததும் மாற்றுங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மாடு ஓடினால் கையும் கூடவே போகும். பெரிய காளையை நடத்த இரண்டு ஆள் வேண்டும்.

கேள்வி: முதல் ஈற்றுக் கிடேரி. பால் கறக்க உட்கார்ந்தாலே உதைக்கிறது, வாளி பறக்கிறது. காலைக் கட்டலாமா?

கட்டலாம், ஆனால் அதற்கு முன் ஏன் உதைக்கிறது என்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திப்பி திப்பியாக வந்தாலோ, மடி சூடாகக் கல்லாக இருந்தாலோ மடிநோய். மருந்து போடாமல் காலைக் கட்டுவது கொடுமை. காம்பில் வெடிப்பு இருக்கிறதா, உங்கள் விரல் நகம் குத்துகிறதா, கால் பக்கம் ஈ மொய்க்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். உதைக்கும் மாடுகளில் நிறைய, நகம் வெட்டியதும் அடங்கியவை.

நோவு ஏதும் இல்லையென்றால் அது பயம். பயந்த பசுவுக்கு அட்ரினலின் ஏறும். பாலை இறக்கும் சுரப்பு வேலை செய்யாது. ஒரு சத்தம், ஒரு அடி போதும், அரைமணி நேரத்துக்குப் பால் மடியிலேயே நின்றுவிடும். ஆகவே தினமும் ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே பக்கம். கன்றை ஒரு நிமிடம் ஊட்டவிட்டு, மடியைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

உட்காரும் இடமும் முக்கியம். மாடு குதிரையைப் போல நேராகப் பின்னால் மட்டும் உதைக்காது. பின்காலை முன்னால் கொண்டுவந்து, வெளிப்பக்கம் வீசி, பின்னுக்கு இழுக்கும். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் அந்த வீச்சு முழுசாக உங்கள் மேல். தொடைக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்து, நெற்றியை அதன் விலாப்பள்ளத்தில் அழுத்துங்கள். கால் தூக்கப் போகிறது என்பது நெற்றியிலேயே தெரிந்துவிடும்.

அப்படியும் அடங்காவிட்டால் இன்னொருவர் வாலின் அடிப்பகுதியைப் பிடித்து மெதுவாக முதுகுப் பக்கம் நேர்மேலே தூக்கிப் பிடிக்கட்டும். நுனியைப் பிடித்து முறுக்கினால் எலும்பு உடையும். கடைசி வழிதான் எட்டுக் கட்டு: மொத்தமான பருத்திக் கயிற்றை இரு பின்கால் முட்டிக்கு மேல் எட்டுப் போலச் சுற்றி, ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சுப் போட வேண்டும். தூணோடு சேர்த்துக் கட்டக்கூடாது. ஈரச் சிமெண்டுத் தரையில் கட்டவே கூடாது. வழுக்கி விழுந்தால் இடுப்பு விலகி மாடு எழாது. ரப்பர் பாயோ மணலோ போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்துக்குள் மேயும் மாடுகளைச் சாயங்காலம் ஓட்டி வரும்போது ஒரு பசு மட்டும் திரும்பி நின்று பாய வருகிறது. கன்று போட்டு இரண்டு நாள்.

இரண்டு நாள் என்பதிலேயே விடை இருக்கிறது. கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகாதீர்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். நாயைக் கண்ட பசு உங்களையும் சேர்த்து முட்டும். அந்தப் பசுவையும் கன்றையும் சில நாள் கொட்டகையிலேயே வைத்துப் புல் வெட்டிப் போடுங்கள். கன்றின் தொப்புளில் அயோடின் வைக்க வேண்டுமென்றால் கன்றைப் படலுக்கு இந்தப் பக்கம் எடுத்து, தாய் பார்க்கும்படி வைத்துச் செய்யுங்கள்.

பொதுவாக மாடு ஓட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. மெதுவாகக் கிட்டே போங்கள். எந்த இடத்தில் மாடு தலை தூக்கி நகரத் தொடங்குகிறதோ அதுதான் அதன் எல்லை. ஓரடி உள்ளே வைத்தால் நடக்கும், ஓரடி பின்வாங்கினால் நிற்கும். அதன் தோளுக்குப் பின்னால் நின்றால் முன்னே போகும், தோளைத் தாண்டி முன்னால் போனால் திரும்பிவிடும். நேர் பின்னால் நிற்பது மட்டும் கூடாது, அங்கே அதற்குக் கண் தெரியாது. மோட்டார் சைக்கிள் ஹாரனும் கூச்சலும் எல்லை கடந்து உள்ளே புகுந்ததற்குச் சமம். அப்போதுதான் ஒன்று திரும்பி நிற்கும். வெயிலிலிருந்து இருட்டுக் கொட்டகைக்குள் நுழையத் தயங்கினால் உள்ளே ஒரு விளக்குப் போடுங்கள், தானாக நுழையும்.

கேள்வி: ஆறு வருஷமாகச் சாதுவாக இருந்த பசு, இரண்டு நாளாகக் கத்திக்கொண்டு எல்லாரையும் முட்ட வருகிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். கை விட்டு எடுக்கலாமா?

விடவே விடாதீர்கள். சூலகத்தில் நீர்க்கட்டி வந்த பசுவும் காளை போலக் கத்தி மற்ற மாட்டின் மேல் ஏறும்; ஆனால் எச்சில் ஒழுகி, குரல் கம்மி, தண்ணீர் விழுங்க முடியாமல் தவித்தால் வெறிநோயை (ரேபிஸ்) சந்தேகிக்க வேண்டும். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் இருக்கிறது. மாட்டைத் தனியாக அடைத்துவிட்டு இன்றே மாவட்டக் கால்நடை அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். அந்தப் பாலைக் கறக்காதீர்கள், குடிக்காதீர்கள். அண்ணனோ நீங்களோ ஏற்கெனவே வாயில் கை விட்டிருந்தால், எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, இன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஊசி பற்றிக் கேளுங்கள்.