உங்கள் பெயரைச் சொல்லித்தான் நிற்க வைக்கிறார்கள்

கேள்வி: தீபாவளி ஜவுளி எடுக்கக் குடும்பத்தோடு தி.நகர் போயிருந்தோம். ஒரு பெரிய கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து முப்பது பட்டுப்புடவைகளாவது பார்த்திருப்போம். எதுவும் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று எழுந்ததும் அந்த விற்பனைப் பெண் முகத்தைச் சுளித்தாள். மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். நல்லவேளை, சாயங்காலம் ஒரு காமெடிப் படத்துக்குப் போனோம். வயிறு வலிக்கச் சிரித்ததில் மனசு லேசானது. வாடிக்கையாளரிடம் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்பதைக்கூட இந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டார்களா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: சொல்லிக் கொடுக்கிறார்கள். 'வாங்கம்மா, என்ன பார்க்கிறீங்க' என்பதில் தொடங்கி, வாங்காமல் போகிறவரிடம் எப்படி முகம் காட்ட வேண்டும் என்பது வரை சொல்லித்தான் கவுன்டரில் நிறுத்துகிறார்கள். சொன்னபடி செய்ய உடம்பில் தெம்பு இருக்க வேண்டுமே அம்மா!

படம் பார்த்துச் சிரித்ததைச் சொன்னீர்கள். நல்லது, பண்டிகைக் காலத்தில் குடும்பத்தோடு சிரிக்காமல் வேறு எப்போது சிரிப்பது? ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தை இரண்டரை மணி நேரமும் நின்றுகொண்டே பார்க்க வேண்டும், சாயக்கூடாது என்று தியேட்டரில் சொல்லியிருந்தால் எத்தனை ஜோக்குக்குச் சிரித்திருப்பீர்கள்? இடைவேளைக்கு முன்பே கால் கடுத்து, 'எப்போது முடியும்' என்று கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண் காலையிலிருந்து நின்றவர். நீங்கள் தியேட்டரில் உட்கார்ந்திருந்த நேரத்திலும் அவர் நின்றுகொண்டுதான் இருந்திருப்பார்.

முப்பது புடவை என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். ஒவ்வொன்றையும் அடுக்கிலிருந்து எடுத்து, உறையைக் கழற்றி, முந்தியை விரித்துத் தன் தோள்மேல் போட்டுக் காட்டி, உடலில் என்ன வேலைப்பாடு, ரவிக்கைத் துணி என்ன நிறம் என்று சொல்லியிருப்பார். நீங்கள் எழுந்த பிறகு அவர் வேலை முடியவில்லை. பட்டை எப்படி வேண்டுமானாலும் மடித்துவிட முடியாது. பழைய மடிப்பிலேயே விழ வேண்டும், கரையோடு கரை சேர வேண்டும், ஜரிகை கசங்கக் கூடாது. கையை அகல விரித்து இழுத்துப் பிடித்து மடித்து, உறையில் போட்டு, எந்த அடுக்கிலிருந்து எடுத்தாரோ அங்கேயே வைக்க வேண்டும். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணி நேர வேலை. அதற்குள் அடுத்த குடும்பம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். பிடிக்காத புடவையை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்ப்பது உங்கள் உரிமை. சுளித்த அந்த ஒரு நொடி முகத்தை மன்னித்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

பழைய ஜவுளிக்கடைகள் உங்களுக்கு நினைவிருக்கும். ஜமக்காளமோ வெள்ளைத் துணி போட்ட மெத்தையோ விரித்திருப்பார்கள். நாமும் உட்காருவோம், துணி எடுத்துப் போடுகிறவரும் எதிரே உட்கார்ந்திருப்பார். யாருக்கும் அது மரியாதைக் குறைவாகப் படவில்லை. அப்புறம் மாடி மேல் மாடியாகக் கடைகள் எழுந்தன, நடுவில் கவுன்டர் வந்தது. வாங்குகிறவருக்கு மட்டும் ஸ்டூல், விற்கிறவருக்கு வெறும் தரை என்று ஆகிவிட்டது.

இதற்குச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்தே இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. கூடுதலாக வாங்கினாலும் நாளுக்கு 10 மணியைத் தாண்டக்கூடாது, அந்தக் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி நேரம் ஓய்வு. இவை பழைய விதிகள். 2021-ல் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்று சேர்த்தது. கேரளம் நம்மை முந்திக்கொண்டு 2018-லேயே இதைச் செய்தது. அதுவும் தானாக வந்துவிடவில்லை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் திரண்ட கடைப் பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டுப் போராடினார்கள், பிறகு உட்காரும் உரிமை கேட்டார்கள்.

கழிப்பறையும் நாற்காலியும் ஒரே வழக்குதான். கவுன்டரை விட்டு நகர முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள், அது நீர்க்கடுப்பிலும் சிறுநீரகத் தொற்றிலும் கொண்டுபோய் விடுகிறது. கால் கதை இன்னும் மோசம். நடக்கும்போது கெண்டைக்காலின் தசை இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலை நடக்காது. ரத்தம் காலிலேயே தேங்கி, ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டுகொள்ளும். இருபது வயதுக்காரிக்கு வர வேண்டிய நோயா இது?

சரி, சட்டம் இருந்தும் ஸ்டூல் ஏன் போடுவதில்லை? இங்கேதான் உங்கள் கடிதத்துக்கே வருகிறேன். 'ஊழியர் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளருக்குப் பிடிக்காது, மதிக்கவில்லை என்று நினைப்பார்கள்.' கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் இதுதான். அவர்கள் சொல்லும் அந்த வாடிக்கையாளர் நீங்கள், நான், நம் வீட்டார். நம் பெயரைச் சொல்லித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள். நம்மில் யாரும் 'எனக்கு ஆட்சேபணை இல்லை, உட்காரச் சொல்லுங்கள்' என்று வாய் திறந்து சொன்னதில்லை. முகம் சுளித்தால் மட்டும் உடனே மேற்பார்வையாளரைத் தேடுகிறோம். அந்த ஒரு வார்த்தை அங்கே என்ன ஆகும் என்று கேட்டீர்களா? சம்பளத்தில் பிடித்தமாக, பேச்சாக, வேறு ஏதோ ஒரு வடிவில் அது அவர் தலையில்தான் விழும்.

இவர்களில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள். கடை கொடுக்கும் விடுதியில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். தீபாவளிக்கு முந்தின இரவு வரை கடையில் கூட்டம் இருக்கும். சென்னையிலிருந்து நெல்லை 600 கிலோமீட்டருக்கு மேல். கடை சாத்திய பிறகு கிளாம்பாக்கம் போய் பஸ் பிடித்தாலும், வீட்டில் விடியற்காலை எண்ணெய்க் குளியல் நடக்கும்போது அவர் வழியில்தான் இருப்பார். ஊருக்கெல்லாம் பண்டிகைத் துணி எடுத்துக் கொடுத்தவருக்கு அந்தக் காலைப் பொழுதே இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபமே வருகிறது, உங்கள் மேல் அல்ல.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில், அந்தக் கடைக்கு இன்றே போன் செய்து, அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுவதாக அதே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். பொறுமையாக முப்பது புடவை காட்டினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதுவும் உண்மைதானே. அடுத்து, கவுன்டருக்குப் பின்னால் ஏன் ஸ்டூல் இல்லை என்று கேளுங்கள். 'நம்ம கஸ்டமர்ஸுக்குப் பிடிக்காது மேடம்' என்று பதில் வந்தால், 'நான் உங்கள் கஸ்டமர்தான், எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால், கடையின் பெயரையும் கிளையையும் குறித்துத் தொழிலாளர் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். சட்டப்படி கடைகளைச் சோதிக்க வேண்டிய ஆய்வாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் அந்தப் பெண்ணால் எழுத முடியாத கடிதம் அது. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை.