தத்துவத் துறையில் பெண்களும் கறுப்பினத்தவரும் ஏன் இவ்வளவு குறைவு? ஆர்வம் இல்லாததுதான் காரணமா?

ஆர்வம் இல்லை என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. பிரிட்டனில் 2011இல் வந்த அறிக்கைப்படி, இளங்கலைத் தத்துவ மாணவர்களில் பெண்கள் கிட்டத்தட்டப் பாதி. முனைவர் பட்ட ஆய்வில் 31 சதவீதம். பேராசிரியர்களில் வெறும் 19 சதவீதம். ஆசைப்பட்டுச் சேர்ந்தவர்கள்தானே, நடுவில் எங்கே போனார்கள்?

ஒரு காலத்தில் தடை வெளிப்படையாகவே இருந்தது. மேரி விட்டன் கால்கின்ஸ் 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கான தேர்வை முடித்தார். தேர்வு நடத்திய வில்லியம் ஜேம்ஸ் போன்றவர்கள் அவரை வியந்து பாராட்டினார்கள். ஆனாலும் பெண் என்பதால் நிர்வாகம் பட்டம் தரவில்லை. 1902இல், பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபின் பெயரில் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார். 1918இல் அமெரிக்கத் தத்துவச் சங்கத்தின் முதல் பெண் தலைவரானவரும் இவர்தான். கறுப்பினப் பெண்களுக்கு இன்னும் தாமதம்: அமெரிக்காவில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஜாய்ஸ் மிட்செல் குக், ஆண்டு 1965.

இப்போது யாரும் அப்படி நேராக மறுப்பதில்லை. இனம், பாலினம், சாதி பற்றிக் கட்டுரை வாசித்தால், "சரி, இதில் தத்துவம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். அமெரிக்கத் தத்துவ அறிஞர் கிறிஸ்டி டாட்சன் 2012இல் இந்தக் கேள்வியைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். அறிவு என்றால் என்ன என்று ஆராய்பவரிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. ஒடுக்குமுறையைப் பற்றி எழுதுபவரோ, தான் செய்வது தத்துவம்தான் என்று முதலில் நிரூபித்த பிறகுதான் வாதத்துக்கே வர முடியும். இந்தச் சோர்வு ஆளை வெளியேற்றிவிடும்.

நான் முதுகலை படித்தபோது, அம்பேத்கரைப் பற்றி ஆய்வேடு எழுத விரும்பிய தோழியிடம் "சமூகவியல் துறையில் கேட்டுப் பாரும்மா" என்றார் வழிகாட்டி. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவ அறிஞர் ஜான் டூயியிடம் பாடம் கேட்டவர் அம்பேத்கர்! அவள் துறை மாறிப் போனாள். எந்தப் பதிவேட்டிலும் அது மறுப்பாக ஏறவில்லை.

எழுதியவர் பெயரை மறைத்துக் கட்டுரைகளை மதிப்பிடும் முறை பல தத்துவ இதழ்களில் இருக்கிறது. நல்ல முறைதான், ஆனால் தலைப்பை மறைக்க முடியாதே. என்னைக் கேட்டால், முதலாண்டுக் கட்டாயப் பாடத்திலேயே ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட்டோடு சேர்த்து, இனவெறியைத் தத்துவமாக ஆராய்ந்த சார்லஸ் மில்ஸையும் அம்பேத்கரையும் வைக்க வேண்டும். அப்படிப் படித்து வருகிறவர் நாளை வழிகாட்டியானால், என் தோழியைப் போன்ற ஒருத்தியை வேறு துறைக்கு அனுப்ப மாட்டார்.