ஆடிட்டிலிருந்து ஈக்விட்டி ரிசர்ச்: கவர் லெட்டரில் என்ன எழுதுவது?

கேள்வி: ஆடிட் நிறுவனத்தில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சிஎஃப்ஏ (முதலீட்டு ஆய்வாளர்களுக்கான மூன்று லெவல் தேர்வு) முதல் லெவல் பாஸ். ஈக்விட்டி ரிசர்ச் (பங்கு ஆய்வு) வேலைக்கு இருபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. கவர் லெட்டரில்தான் கோளாறா? இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வேலைக்கு ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து படித்தேன். கோளாறு இருக்கிறது, ஆனால் மொழியில் இல்லை. முதல் பத்தி முழுக்க நிதித்துறை மீது உங்களுக்குள்ள ஆர்வம், இரண்டாவது பத்தியில் ரெஸ்யூமேயில் இருப்பதே திரும்பவும், மூன்றாவதில் அந்த நிறுவனம் எவ்வளவு புகழ்பெற்றது என்று. அவர்கள் புகழ் அவர்களுக்குத் தெரியாதா? பெயரை மட்டும் மாற்றி இதையே எல்லா இடத்துக்கும் அனுப்பலாம், அனுப்பியும் இருக்கிறீர்கள், படிக்கிறவருக்கு அது நாலாவது வரியிலேயே புரிந்துவிடும்.

ரிசர்ச் வேலை என்பது என்ன? ஒரு கம்பெனியின் கணக்கைப் படித்து, ஒரு முடிவுக்கு வந்து, அதைச் சுருக்கமாக எழுதுவது. அப்படியானால் கவர் லெட்டரிலேயே அதைக் கொஞ்சம் செய்து காட்டிவிடுங்கள். பங்குச் சந்தையில் உள்ள ஏதாவது ஒரு கம்பெனி, முடிந்தால் அந்த டீம் கவனிக்கிற துறையிலேயே ஒன்று, அதன் ஆண்டறிக்கையை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். விற்பனை 12 சதவீதம் கூடியிருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி 30 சதவீதம் ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாபம் உயர்ந்திருந்தும் கையில் வந்த பணம் குறைந்திருக்கலாம். கடனுக்குச் சரக்கைத் தள்ளி வளர்ச்சியைக் காட்டுகிறார்களா, இல்லை பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்குக் கூடுதல் தவணை கொடுத்திருக்கிறார்களா? உங்களுக்கு எது சரியென்று படுகிறது, ஏன், எதைப் பார்த்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள், இதை ஐந்தாறு வரியில் எழுதுங்கள். உங்கள் கணிப்பு தப்பாகப் போனாலும் பரவாயில்லை. ஆடிட்டில் இருந்ததால் அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பதை உள்ளிருந்தே பார்த்தவர் நீங்கள், கல்லூரியிலிருந்து நேராக வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது, அதைப் போய் ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே!

இன்னொன்று, இதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆடிட் செய்த கிளையன்ட்களின் பெயர், அங்கே கண்டுபிடித்த குளறுபடி, எல்லாம் லெட்டரில் இருக்கிறது. உடனே எடுத்துவிடுங்கள். இன்று அவர்கள் ரகசியத்தை எங்களிடம் சொல்கிறவர் நாளை எங்கள் ரகசியத்தை வேறு யாரிடம் சொல்வார் என்றுதான் யாருக்கும் தோன்றும். 'நடுத்தர அளவு மருந்து உற்பத்தி நிறுவனம்' என்றால் போதும். அலசலுக்கு எடுக்கும் கம்பெனியும் உங்கள் கிளையன்டாக இருக்கக் கூடாது, வெளியான தகவலை மட்டுமே தொட வேண்டும்.

சிஎஃப்ஏ விஷயம்: பெயருக்குப் பின்னால் 'சிஎஃப்ஏ லெவல் 1' என்று பட்டம் மாதிரி போட்டிருக்கிறீர்கள். அப்படிப் பாதிப் பட்டம் எதுவும் கிடையாது, சிஎஃப்ஏ இன்ஸ்டிடியூட்டின் விதிக்கும் அது எதிரானது. முதல் லெவல் தேர்வில் தேறியிருக்கிறேன் என்று உள்ளே ஒரு வரி எழுதினால் சரி. அடுத்த லெவலுக்குப் பதிவு செய்திருந்தால் அதையும் சொல்லலாம்.

அப்புறம் நீளம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம், அதில் பாதி இடம் அந்தக் கம்பெனி அலசலுக்கே போகட்டும். மிச்சத்தில் ஏன் ஆடிட்டை விட்டு வருகிறீர்கள் என்பதை நேர்மையாக இரண்டு வரி, ஏன் இந்த டீம் என்று இரண்டு வரி. டீம் தலைவர் பெயர் தெரிந்தால் அவருக்கே எழுதுங்கள், தெரியாவிட்டால் பொதுவான வணக்கமே போதும், ஊகித்து யார் பெயரையாவது போடாதீர்கள். இருபது இடத்துக்கு இப்படி எழுத முடியாதுதான். ஐந்து இடத்துக்கு எழுதுங்கள். அனுப்பும் முன் நிறுவனத்தின் பெயரை மட்டும் இரண்டு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், எங்கள் போட்டி நிறுவனத்தைப் புகழ்ந்து எங்களுக்கே வந்த லெட்டரை நான் படித்திருக்கிறேன்.