கொடுப்பதா, வைத்துக்கொள்வதா: நெப்ராஸ்காவின் ஆப்ஷன் குவார்ட்டர்பேக்குகள் (கேள்வி பதில்)

1995-ல் லிங்கன் நகரத்துக்குப் படிக்கப் போனவன் நான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி அப்போது யாரிடமும் தோற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஊரே சனிக்கிழமைக்காகக் காத்திருக்கும். என்னையும் அந்தப் பைத்தியம் பிடித்தது, இன்னும் தெளியவில்லை. அந்த அணியின் குவார்ட்டர்பேக்குகளில் யார் பெரியவர் என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: சார், எனக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஆப்ஷன் என்றால் என்ன?

குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்குகிறவர். டிவியில் நீங்கள் பார்த்திருக்கக்கூடியவர்கள் நாலு அடி பின்னால் போய் நின்று பந்தை முன்னால் வீசுவார்கள். ஆப்ஷன் ஆட்டத்தில் அவர் பந்தோடு ஓரத்தை நோக்கி ஓடுவார். எதிரணித் தடுப்பாளர் ஒருவரை மட்டும் யாரும் மறிக்காமல், வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். அந்த ஆள் குவார்ட்டர்பேக் மேல் பாய்ந்தால், பந்து பக்கத்தில் ஓடிவரும் ரன்னிங் பேக்குக்குப் பறக்கும். அதற்குப் பெயர் பிட்ச். அவர் ரன்னிங் பேக்கைக் குறிவைத்து ஒதுங்கினால், குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு உள்ளே திரும்பி ஓடுவார். ஒருவரை மறிக்காமலே ஏமாற்றிவிடுவதால், அவரை மறித்திருக்க வேண்டிய ஆள் வேறொருவரை மறிக்கப் போகலாம். முதலில் நடுவில் ஃபுல்பேக்குக்கு (குவார்ட்டர்பேக்குக்கு நேர் பின்னால் நிற்கும் ஓட்டக்காரர்) கொடுக்கும் வழியையும் சேர்த்தால் டிரிப்பிள் ஆப்ஷன்.

கபடியில் பாடிப் போகிறவன் பிடிக்க வருகிறவனின் காலைப் பார்த்து முடிவெடுப்பான் இல்லையா, அதே மாதிரிதான். என்ன, இங்கே வருகிறவன் நூற்றுப் பத்து கிலோ இருப்பான். பந்தைத் தட்டிவிட்ட பிறகும் அடி விழும்.

கேள்வி: நேராகவே கேட்கிறேன் அண்ணா. டாமி ஃப்ரேசியரா, எரிக் கிரவுச்சா? கிரவுச்சிடம் ஹைஸ்மன் விருது இருக்கிறது, ஃப்ரேசியரிடம் இல்லை.

ஃப்ரேசியர். யோசிக்கக்கூட வேண்டாம்.

விருதுக் கதையை முதலில் முடித்துவிடலாம். ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தருவது ஹைஸ்மன். 1995-ல் ஒஹாயோ ஸ்டேட்டின் எடி ஜார்ஜ் அதை வாங்கினார், ஃப்ரேசியர் இரண்டாவது. வாக்கெடுப்பு அந்த ஆண்டின் கடைசி ஆட்டத்துக்கு முன்பே முடிந்துவிடும். அந்தக் கடைசி ஆட்டம்தான் 1996 ஜனவரி 2 அன்று நடந்த ஃபியஸ்டா பவுல் (சீசன் முடிவில் நடக்கும் பெரிய ஆட்டங்களுக்குப் பவுல் என்று பெயர்). முதலிடம் நெப்ராஸ்கா, இரண்டாமிடம் ஃப்ளோரிடா. முடிவு 62-24. ஃப்ரேசியர் மட்டும் ஓடி எடுத்தது 199 யார்டு. மூன்றாவது கால்பகுதி முடியும் தறுவாயில் 75 யார்டு ஓட்டம் ஒன்று உண்டு. ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் அவர் மேல் தொங்குகிறார்கள், உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். அதைப் பார்த்த பிறகு வாக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் ஊரில் இன்றும் பேசுவார்கள். பேசி என்ன பயன், விடுங்கள்.

கிரவுச் 2001-ல் வாங்கினார். 770 புள்ளிகள், அடுத்து வந்த ஃப்ளோரிடாவின் ரெக்ஸ் கிராஸ்மனுக்கு 708. அந்த சீசனில் கிரவுச் வீசிய டச்டவுன் பாஸ் (எதிரணி எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது டச்டவுன்) 7, எதிரணி கையில் கொடுத்தது 10. ஃப்ரேசியருக்கு 1995-ல் 17-க்கு 4. கிரவுச்சைக் குறைத்துப் பேசவில்லை. நேர் ஓட்டத்தில் நெப்ராஸ்கா குவார்ட்டர்பேக்குகளிலேயே வேகமானவர் அவர் என்பேன். 2001-ல் மிசூரிக்கு எதிராக 95 யார்டு ஓடினார். கல்லூரி வாழ்க்கையில் 59 முறை ஓடியே டச்டவுன் அடித்தது அன்றைக்குக் குவார்ட்டர்பேக்குகளில் சாதனை. (பின்னால் நேவி அணியின் கீனன் ரெனால்ட்ஸ் அதை 88 வரை கொண்டுபோனார்.) ஆனால் ஃப்ரேசியர் தொடக்கம் முதல் ஆடிய 36 ஆட்டங்களில் தோற்றது மூன்றே மூன்று, அதில் இரண்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம். தேசியப் பட்டத்தை முடிவுசெய்த மூன்று ஆட்டங்களில், மூன்று ஆண்டு தொடர்ந்து, சிறந்த ஆட்டக்காரர் பெயர் வாங்கினார். அதில் ஒன்று 16-18 என்று தோற்ற ஆட்டம்.

கேள்வி: ஓடிய யார்டுகளைப் பார்த்தால் கிரவுச் எங்கேயோ இருக்கிறாரே? எண் பொய் சொல்லுமா?

எண் பொய் சொல்லாது. ஆனால் ஆப்ஷனில் அது யாருக்குச் சாட்சி சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு சீசனில் ஓடிய யார்டுகளை வரிசையாகச் சொல்கிறேன். ஃப்ரேசியர் 1995-ல் 604. கிரவுச் 2001-ல் 1,115. ஜமால் லார்ட் 2002-ல் 1,412. இனி அணியின் கணக்கு: 1995-ல் 12 வெற்றி, தோல்வியே இல்லை. 2001-ல் 11 வெற்றி, 2 தோல்வி. 2002-ல் ஏழுக்கு ஏழு. குவார்ட்டர்பேக்கின் எண் ஏறுகிறது, அணி இறங்குகிறது!

காரணம் எளிது. பந்தை பிட்ச் செய்த நொடியில் அந்த யார்டு ரன்னிங் பேக்கின் கணக்குக்குப் போய்விடும். சரியான முடிவெடுத்தவருக்குப் பதிவேட்டில் ஒன்றும் இருக்காது. 1995 அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 400 யார்டு ஓடியது. ரன்னிங் பேக் லாரன்ஸ் ஃபிலிப்ஸ் இடைநீக்கத்தில் ஆறு ஆட்டம் வெளியே உட்கார்ந்தபோது, முதலாமாண்டு மாணவன் ஆமன் கிரீன் வந்து ஆயிரத்துக்கு மேல் ஓடினான். ஆள் மாறினாலும் ஓட்டம் நிற்காததற்குப் பந்தைக் கொடுத்தவரும் ஒரு காரணம் இல்லையா? சுற்றிலும் ஆட்கள் குறையும்போது குவார்ட்டர்பேக் தானே சுமக்க வேண்டிவரும். லார்ட் 2002-ல் டெக்சஸுக்கு எதிராகத் தனியாளாக 234 யார்டு ஓடினார். அணி தோற்றது. பாவம், அவரைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

கேள்வி: டர்னர் கில்லை உங்கள் தலைமுறைக்காரர்கள் மறந்துவிட்டீர்கள்.

மறக்கவில்லை ஐயா. என் பட்டியலில் அவர் இரண்டாவது, கிரவுச்சுக்கு மேலே.

பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் 1973-ல் பொறுப்பேற்றபோது ஆப்ஷன் ஆள் இல்லை. ஆண்டுதோறும் ஓக்லஹோமா அணி ஆப்ஷன் ஆடியே அவரைத் தோற்கடித்தது. முதல் ஐந்து வருடம் ஒருமுறைகூட வெல்லவில்லை. அடித்தவனிடமே பாடம் கற்றுக்கொண்டு வீசும் ஆட்டத்திலிருந்து மெல்லத் திரும்பினார். அந்தத் திருப்பத்துக்கு உயிர் கொடுத்தவர் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்திலிருந்து வந்த கில். தொடக்கம் முதல் ஆடிய 30 ஆட்டத்தில் 28 வெற்றி. ஒரு தோல்வி 1982-ல் பென் ஸ்டேட்டிடம் 24-27. கடைசி நேரத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே பிடித்த பந்தை நடுவர் உள்ளே என்று கொடுத்துவிட்டார் என்பது நெப்ராஸ்காக்காரர்களின் தீராத புலம்பல். 1983-ல் மைக் ரோசியர், இர்விங் ஃப்ரையர் இருவரோடும் சேர்ந்து கில் நடத்திய அணி ஆட்டத்துக்கு 52 புள்ளி எடுத்தது. ரோசியருக்கு ஹைஸ்மன் கிடைத்தது. கில்லின் பிட்ச் அவ்வளவு மென்மையாக இருக்கும், ஓடுகிறவர் கையை நீட்டக்கூட வேண்டியதில்லை.

இன்னொன்று. 1992-லிருந்து 2003 வரை அங்கே குவார்ட்டர்பேக்குகளின் பயிற்சியாளர் யார்? இதே கில்தான். ஃப்ரேசியர், ஃப்ராஸ்ட், கிரவுச் மூன்று பேரும் அவர் கையில் வளர்ந்தவர்கள்.

கேள்வி: கில்லின் இன்னொரு தோல்விதானே அந்தப் பிரபலமான ஆரஞ்சு பவுல்? ஆஸ்போர்ன் ஏன் சமன் செய்து பட்டத்தை வாங்கிக்கொள்ளவில்லை?

1984 ஜனவரி, எதிரணி மயாமி, அவர்களின் சொந்த மைதானம். டச்டவுன் அடித்து 30-31 வரை வந்தாயிற்று, மீதி 48 விநாடி. ஒரு உதை உதைத்தால் 31-31. கல்லூரி ஆட்டத்தில் அப்போது கூடுதல் நேரம் கிடையாது, ஆட்டம் சமனில் முடியும்; அதுவரை தோற்காத முதலிட அணி என்பதால் பட்டம் அநேகமாக நெப்ராஸ்காவுக்கே வந்திருக்கும். ஆஸ்போர்ன் உதைக்கச் சொல்லவில்லை. வெல்வதற்காக இரண்டு புள்ளிக்குப் போனார் (டச்டவுனுக்குப் பிறகு உதைத்தால் ஒரு புள்ளி, ஓடியோ வீசியோ மறுபடி எல்லைக்குள் கொண்டுபோனால் இரண்டு). கில் வீசிய பந்தை மயாமியின் கென்னி கால்ஹூன் விரல் நுனியால் தட்டிவிட்டார். முடிந்தது. ஆஸ்போர்ன் முதல் பட்டத்துக்கு இன்னும் பதினோரு வருடம் காத்திருந்தார். நான் என்றால் உதைத்திருப்பேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதனால்தான் அவர் ஆஸ்போர்ன், நான் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 1994-ல் ஃப்ரேசியர் இல்லாமலே ஜெயித்தார்கள். அப்படியென்றால் குவார்ட்டர்பேக் யாராக இருந்தால் என்ன, முன்வரிசையில் நின்று மறிக்கும் லைன்மேன்கள்தானே எல்லாம்?

நல்ல அடி. பாதி ஒத்துக்கொள்கிறேன்.

அந்த சீசனில் நாலு ஆட்டம் முடிந்ததும் ஃப்ரேசியரின் காலில் ரத்தக் கட்டி. புரூக் பெரிங்கர் உள்ளே வந்தார், தொடங்கிய ஏழு ஆட்டத்திலும் வெற்றி. நடுவில் அவருக்கும் நுரையீரல் பாதிப்பு வர, கான்சஸ் ஸ்டேட்டுக்கு எதிராக உதவித்தொகை இல்லாமல் சேர்ந்த மாட் டர்மன் தொடங்கினார். அதிலும் 17-6 வெற்றி. முன்வரிசை ஆட்கள் அப்படி. ஆனால் பெரிங்கரும் லேசுப்பட்டவர் இல்லை, வீசுவதில் ஃப்ரேசியரைவிடச் சுத்தமான கை. அவர் வந்ததும் ஆஸ்போர்ன் ஆப்ஷனைக் குறைத்து, ஃபிலிப்ஸை நேராக ஓடவிட்டார். அந்த ஆண்டு ஃபிலிப்ஸ் ஓடியது 1,722 யார்டு. அதாவது அணி ஜெயித்தது, ஆனால் வேறு ஆட்டம் ஆடி ஜெயித்தது. பெரிங்கர் 1996 ஏப்ரலில், தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, சிறிய விமான விபத்தில் இறந்துபோனார். மைதானத்துக்கு வெளியே ஆஸ்போர்னோடு அவருக்குச் சிலை இருக்கிறது.

கேள்வி: ஸ்காட் ஃப்ராஸ்ட்? 1997 பட்டம் அதிர்ஷ்டம்தானே?

மிசூரி ஆட்டத்தைச் சொல்கிறீர்கள். ஆம், கடைசி விநாடியில் ஃப்ராஸ்ட் வீசிய பந்து ஷெவின் விக்கின்ஸ் காலில் பட்டுத் தெறித்து, மாட் டேவிசன் தரையோடு தரையாக விழுந்து பிடித்தார். கூடுதல் நேரத்தில் 45-38. அதிர்ஷ்டம் இல்லையென்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் மீதி சீசனுக்கு என்ன சொல்வீர்கள்? ஓடி ஆயிரம், வீசி ஆயிரம் என்று ஒரே சீசனில் எடுத்த முதல் நெப்ராஸ்கா ஆள் அவர். ஆரஞ்சு பவுலில் பேட்டன் மேனிங்கின் டென்னசியை 42-17 என்று அனுப்பிவைத்தார்கள், ஃப்ராஸ்ட் ஓடி மூன்று டச்டவுன். பட்டத்தை மிச்சிகனோடு பங்கு போட வேண்டியிருந்தது. அதோடு ஆஸ்போர்ன் ஓய்வு பெற்றார்.

ஸ்டான்ஃபோர்டை விட்டுச் சொந்த மாநிலத்துக்குத் திரும்பிய பையன் என்பதால் முதல் வருடம் உள்ளூர்க்காரர்களே முணுமுணுத்தார்கள். இருபது வருடம் கழித்து அவர் தலைமைப் பயிற்சியாளராக வந்து 16 வெற்றி, 31 தோல்வியோடு போனது வேறு கதை. அதை இதில் கலக்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய ஆட்கள் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஏன் குவார்ட்டர்பேக்காக ஆடவில்லை?

ஃப்ராஸ்டைப் பின்வரிசைத் தடுப்பாளராக எடுத்தார்கள், கிரவுச்சைப் பந்து பிடிப்பவராக. ஃப்ரேசியரை ரத்தக் கட்டிக்குப் பயந்து யாரும் எடுக்கவே இல்லை. உடல்நலம், வீசும் கை எல்லாம் காரணம்தான். யாரும் கவனிக்காத ஒன்றும் உண்டு: மைதானத்துக் கோடுகள். பந்தை வைக்கும் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி, என்எஃப்எல்லில் 18.5 அடிதான். கல்லூரியில் பந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், மறுபக்கம் பெரிய வெளி கிடைக்கும். ஆப்ஷன் பிழைப்பதே அந்த வெளியில். அது இல்லாமல், வேகமான ஆட்களை வைத்துக்கொண்டு, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் குவார்ட்டர்பேக்கை யார் அடிவாங்க விடுவார்கள்?

கேள்வி: டெய்லர் மார்ட்டினெஸ் பட்டியலில் வருவாரா?

மொத்த யார்டுகளில் பத்தாயிரத்தைத் தாண்டியவர். ஆனால் அவர் காலத்தில் நின்ற இடத்திலிருந்து பார்த்துக் கொடுக்கும் ஸோன் ரீட்தான் அதிகம், ஓரத்தில் ஓடி பிட்ச் செய்வது குறைவு. ஒன்றுவிட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1987-ல் ஆடிய ஸ்டீவ் டெய்லரைத்தான் நான் ஐந்தாவதாக வைப்பேன். ஓட்டக்காரன் என்று நினைத்த யூசிஎல்ஏவுக்கு எதிராக ஐந்து டச்டவுன் பாஸ் வீசினார்.

கேள்வி: நேரமில்லை அண்ணா. ஒரே ஒரு பழைய ஆட்டம் பார்க்கச் சொன்னால் எது?

ஃபியஸ்டா பவுலைச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. 1995 ஜனவரி 1, ஆரஞ்சு பவுல், மயாமிக்கு எதிராக, கடைசிக் கால்பகுதி மட்டும். மாதக்கணக்கில் ஆடாத ஃப்ரேசியர் ஆட்டத்தைத் தொடங்கி, ஒரு பந்தை எதிரணிக்கு வீசிவிட்டு உட்கார்ந்திருந்தார். நெப்ராஸ்கா பின்தங்கியிருக்கும்போது ஆஸ்போர்ன் மறுபடி உள்ளே அனுப்புகிறார். மயாமியின் முன்வரிசை களைத்திருக்கிறது, ஆனாலும் பாய்ந்து பாய்ந்து வருகிறது. அவர்களை வரவிட்டு, பக்கவாட்டில் மறித்து, நடுவில் ஃபுல்பேக் கோரி ஷ்லெசிங்கருக்குக் கொடுக்கிறார் ஃப்ரேசியர். டச்டவுன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே ஷ்லெசிங்கர், மறுபடியும் டச்டவுன். 24-17. ஆஸ்போர்னுக்கு முதல் பட்டம், ஃப்ரேசியருக்குச் சிறந்த ஆட்டக்காரர் விருது. அந்த இரண்டு ஓட்டமும் அவர் கணக்கில் ஒரு யார்டுகூடச் சேரவில்லை.